மெடிகேரில் அம்மாவுக்கு வெகோவி: யாருக்காவது கிடைத்திருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. நியூஜெர்சியில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு வயது 71. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை இல்லை, ஆனால் உடல் எடை அதிகம். முழங்கால் வலியால் நடக்கவும் முடிவதில்லை. இதய மருத்துவர் வெகோவி என்ற எடை குறைப்பு ஊசியை எழுதிக் கொடுத்தார். மெடிகேரில் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) மருந்துச் செலவுக்கான பார்ட் டி பிளான் "எடை குறைப்பு மருந்து" என்று சொல்லி மறுத்துவிட்டது.

எடை குறைக்க மட்டும் என்றால் பார்ட் டி தராது, 2003 சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. சரி. ஆனால் இதய நோயும் அதிக எடையும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் குறைக்க 2024 மார்ச்சில் இதே மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தது. அந்தக் காரணத்துக்காக என்றால் பார்ட் டி பிளான்கள் தரலாம் என்று மெடிகேரும் சொல்லியிருக்கிறது. அம்மாவின் நிலைமை அதுதானே? மருந்துச் சீட்டில் இதய நோய் தெளிவாக எழுதப்படவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 65 நாட்களுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். இதைச் செய்து வென்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: மருத்துவர் கடிதத்தில் என்ன எழுதச் சொன்னீர்கள்? பழைய ஆஞ்சியோ ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பினீர்களா? அம்மாவின் ஸ்டென்ட் சென்னையில் வைத்தது, அந்த ஆவணங்களை ஏற்றுக்கொள்வார்களா?

அப்புறம், மெடிகேர் விஷயத்தில் உதவும் ஷிப் (SHIP) திட்டத்தின் இலவச ஆலோசகர்களிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா? அம்மா தானே பேசிப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.