மறு: கரைந்து உருண்ட வைரப் படிகத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். வைரம் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். தலைப்பில் உள்ள கரைந்து உருண்ட படிகத்தைத்தான் ஆங்கிலத்தில் டோடெகஹெட்ராய்டு என்கிறார்கள்.

> ஆக்டஹெட்ரனுக்கு எண்முகி இருக்கிறது. டோடெகஹெட்ராய்டுக்கு 'வளைந்த பன்னிருமுகி' போதாதா?

போதாது ஐயா. 'வளைந்த' என்பது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. அந்த உருவம் எப்படி வந்தது என்பது விட்டுப்போகிறது. பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே வளரும் வைரம் பெரும்பாலும் எண்முகியாகத்தான் வளர்கிறது. அப்புறம் அதை மேலே தூக்கி வரும் கிம்பர்லைட் எனும் எரிமலைப் பாறையின் குழம்பே அதைக் கரைக்கவும் செய்கிறது. முதலில் முனைகளும் விளிம்புகளும் மழுங்கும். எட்டு முகங்களும் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் வளைந்த சாய்சதுர முகங்கள் பன்னிரண்டு மிஞ்சும். அதற்குள் கல் ஏறக்குறைய பாதி எடையை இழந்திருக்கும். இது வளர்ந்த உருவமே இல்லை, கரைந்து மிஞ்சிய உருவம். பெயரில் அது வந்தே ஆக வேண்டும்.

> அப்படியானால் 'கரைமுகி' என்று வைக்கலாமே?

எனக்கும் இது பிடித்திருந்தது. வினைத்தொகை என்பதால் கரைந்த, கரைகிற, கரையும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். பாதி எண்முகியாகவும் பாதி உருண்டையாகவும் நின்றுவிட்ட கற்கள் ஏராளமாகக் கிடைப்பதால் பொருளும் பொருந்தும். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பலர் காதில் 'கறைமுகி' என்றுதான் விழும். வைரத்துக்குக் கறை என்றால் குற்றம். அதனால் வைரம் இப்படிக் கரைவதைச் சொல்லும் ரிசார்ப்ஷனுக்குக் 'கரைவு', இந்த உருவத்துக்குக் 'கரைவுரு' என்கிறேன். தேவைப்பட்டால் 'பன்னிருமுகக் கரைவுரு' என்று விரிக்கலாம்.

> முகம், விளிம்பு எல்லாம் கணக்குப் பாடச் சொற்கள். கல்லுக்கென்று பழைய சொல் இல்லையா?

இருக்கிறது அம்மா! சிலப்பதிகார ஊர்காண் காதையில் வைரம் பேசப்படும் இடத்துக்கு அடியார்க்குநல்லார் உரையைப் பாருங்கள். பலகை எட்டு, கோணம் ஆறு, தாரை என்று வைரத்தின் குணங்கள் வரும். எட்டு முகம், ஆறு முனை, கூர்விளிம்பு: அப்படியே நம் எண்முகிதான். கரைவு முதலில் தின்பதும் இந்தக் கோணத்தையும் தாரையையும்தான். கோணம் இன்று வேறு பொருளில் நிலைத்துவிட்டது, அதை விட்டுவிடலாம். பலகையையும் தாரையையும் கட்டாயம் மீட்க வேண்டும். பலகைமேல் தெரியும் ட்ரைகன் எனும் சிறு முக்கோணக் குழிகள் பலகையின் முக்கோணத்துக்கு எதிர்த்திசையில் நிற்பவை; அவற்றுக்குத் 'தலைகீழ் முக்குழி' பொருந்துமா?

> வைரம் மேலே வந்த பாறைக் குழாய்க்குக் 'கிம்பர்லைட் குழாய்', நிறத்துக்கு 'மாசு நிறம்'.

இரண்டையும் ஆர்கைல் வைரச் சுரங்கம் உடைத்துவிடும். 2020இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வைரம் தந்த பாறை கிம்பர்லைட் அல்ல, லாம்ப்ராய்ட் எனும் வேறோர் எரிமலைப் பாறை. கிம்பர்லைட் பெயர் பெற்றது தென்னாப்பிரிக்கக் கிம்பர்லியிலிருந்து. ஆகவே பொதுச்சொல்லாக 'எரிமலைக் குழாய்' இருக்கட்டும். நிறமும் அப்படித்தான். மஞ்சளுக்கு நைட்ரஜன், நீலத்துக்குப் போரான், சரி, அவை மாசு. ஆர்கைலின் பழுப்பும் இளஞ்சிவப்பும் படிகக்கூடு அழுத்தத்தில் நெளிந்ததால் வந்தவை. அவற்றை 'நெளிவு நிறம்' என்று பிரித்துச் சொல்லலாம்.

மேக்கிள் எனும் தட்டையான முக்கோண இரட்டைப் படிகத்துக்கு 'இரட்டைப்பலகை' என்று குறித்து வைத்திருக்கிறேன். பலகை எட்டும் இரண்டாகிவிட்டதோ என்று படிப்பவர் குழம்புவாரோ என்ற தயக்கம் இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்