கரையில் ஒதுங்கும் பாசியை என்ன செய்வது?

தங்கச்சிமடம் வடகரை:
வணக்கம். வாடைக் காற்று தொடங்கியதிலிருந்து இராமேசுவரம் தீவிலுள்ள எங்கள் வடகடல் கரையில் பாசியும் தாழை எனப்படும் கடற்புல்லும் முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கின்றன. மேலே இருப்பது காய்ந்துவிடுகிறது. அடியில் இருப்பது அழுகிக் கூமுட்டை நாற்றம் வீசுவதால், நாட்டுப்படகைக் கரையேற்றுபவர்களும் வலை உலர்த்துபவர்களும் மிகவும் சிரமப்படுகிறார்கள். பொக்லைன் வைத்து அள்ளிவிடலாம் என்று சிலரும், அங்கேயே குழி வெட்டிப் புதைக்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எங்கள் மகளிர் குழுவினரோ தென்னங்கன்றுகளுக்கு உரமாக்க விரும்புகிறோம். உப்பு கன்றைக் கருக்கிவிடுமா?

பாம்பன் பாசிக்காரி மகன்:
சகோதரி, தயவுசெய்து பொக்லைனை அனுமதிக்காதீர்கள். என் அம்மா மரிக்கொழுந்துப் பாசி எடுத்துத்தான் எங்களை வளர்த்தார். இந்தக் கரையை அறிந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இயந்திரம் பாசியோடு மணலையும் சேர்த்து அள்ளிச் சென்றுவிடும். ஒதுங்கிக் கிடக்கும் பாசியோ அலை அரிக்கவிடாமல் மணலைப் பிடித்து வைக்கிறது. அதிலுள்ள பூச்சிகளைத் தின்னத்தான் உள்ளான் பறவைகள் கரைக்கு வருகின்றன. ஆகவே படகு ஏறும் இடத்திலும் வீடுகளுக்கு அருகிலும் மட்டும், பல் வைத்த வாரியால் இழுத்து, மணலை உதறிவிட்டு எடுங்கள். தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும் காலம் என்பதால், அப்போது மணலில் எந்த வண்டியும் ஓடக் கூடாது. புதைப்பதும் தீர்வாகாது: காற்றுப் படாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் அந்த நாற்றம். மெல்லியதாகப் பரப்பி உலர்த்தினாலே அது அடங்கிவிடும்.

மண்டபம் தென்னந்தோப்பு:
உரமாக்கலாம், அம்மா. உப்பைக் கழுவக் கிணற்று நீரை வீணாக்க வேண்டாம். தீவில் நல்ல தண்ணீரின் அருமை உங்களுக்குத் தெரியும். தோப்பு ஓரத்தில் பரப்பி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையே உப்பை இறக்கிவிடும். பிறகு சாணமும் தென்னை மட்டையும் இடையிடையே அடுக்கி, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். பாசி விரைவில் மட்கும். தாழை நார்ப்பிடிப்புள்ள புல் என்பதால் நாளாகும். அதைக் கன்றுகளைச் சுற்றி மூடாக்காகவே போடலாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். முண்டு மிளகாய் தாங்காது, எனவே நன்றாக மட்காததை மிளகாய்ப் பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள்.

தங்கச்சிமடம் வடகரை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குவியலில் தடித்த, சதைப்பற்றுள்ள கிளைகளும் கிடக்கின்றன. அவற்றைத் திரும்பக் கடலில் எறிந்துவிடலாமா?

பாம்பன் பாசிக்காரி மகன்:
எறியவே எறியாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளிலிருந்து அறுந்து வந்த, பெப்சி பாசி என்று நாங்கள் சொல்லும் கப்பாபைகஸ் பாசியாகத்தான் இருக்கும். பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த அந்தப் பாசி, ஒரு சிறு துண்டு கிடைத்தாலும் முழுச் செடியாக வளர்ந்துவிடும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றான குருசடையில், அது பவளப் பாறைகளின் மேல் படர்ந்து மூடியிருந்ததை 2008-இல் கண்டறிந்தார்கள். அந்தக் கிளைகளைத் தனியே பொறுக்கி, தார்ப்பாயில் உலர்த்தி, பாசி வளர்ப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வாரும்போது கடல் அட்டையோ கடல் குதிரையோ உயிரோடு அகப்பட்டால் உடனே நீரில் விடுங்கள். செத்ததைக்கூட வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை காக்கப்பட்டவை. அறுந்த வலைத் துண்டுகளை மட்டும் தனிச் சாக்கில் சேருங்கள். அவை உரக்குழிக்குள் போய்விடக் கூடாது.