டிரெய்லர் பின்பெட்டி அப்படியே உட்காருமா? (செவர்லே பிக்கப், 1973–87)

பழையஇரும்பு: 73 முதல் 87 வரை எந்த செவர்லே பிக்கப்புக்கும், வேறொரு பிக்கப்பிலிருந்து அறுத்து டிரெய்லராக்கிய பின்பெட்டியை (சாமான் ஏற்றும் பகுதியை) அப்படியே மாட்டலாம், அரை நாள் வேலை என்று வண்டிக்காரன் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஊற்றும் வாய் எந்தப் பக்கம்? ஒற்றை டேங்க் வண்டிக்கு வலப்பக்கம் மட்டும். இரட்டை டேங்க் என்றால் இருபுறமும். ஒற்றை வாய்ப் பெட்டியை மாட்டினால் இடது டேங்குக்கு எதன் வழியாக ஊற்றுவீர்கள்?

வண்டிக்காரன்: வாய் ஒரு பிரச்சினையா? பழைய பெட்டியிலிருந்து அந்தக் குழிவைச் சுற்றி நாலு விரல் விட்டு அறுத்து, இதில் வைத்து வெல்டிங் வையுங்கள். நீளத்தைப் பாருங்கள் முதலில். எட்டடிப் பெட்டிக்கு வீல்பேஸ் (முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடைத்தூரம்) 131.5 அங்குலம், ஆறரை அடிக்கு 117.5.

பழையஇரும்பு: அறுத்து வெல்டிங் வைத்தால் அது அரை நாள் வேலையா? பக்கத் தகடு மெல்லிசு. ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் நெளிந்துவிடும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி, ஆறவிட்டு வைக்க வேண்டும். இன்னொன்று: 79க்கு முந்திய பெட்டியில் மூடி வெளியே தெரியும், 79 முதல் சின்னக் கதவு. ஆண்டு மாறினால் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் வெறும் மூடி. இதையும் "அப்படியே" என்பீர்களா?

சேஸிஸ்மணி: இரண்டு பேரும் வாயிலேயே நிற்கிறீர்கள். டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பலர் பெட்டியை அடிச்சட்டத்தோடு (சேஸிஸ்) வெல்டிங் வைத்திருப்பார்கள், பின்கதவையும் சேர்த்து. போல்ட் இருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். போல்ட் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றினால் கிரைண்டரால் அறுக்க வேண்டியதுதான். டிரெய்லரில் பழுப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என நாலே ஒயர். ரிவர்ஸ் விளக்குக்கு ஒயரே கிடையாது. அதனால் பழைய பெட்டியின் ஒயர்க்கட்டை வெட்டாமல் எடுத்து வையுங்கள். அப்புறம் "87 வரை" என்பதும் தப்பு. ஒரு டன் க்ரூ கேப் (நாலு கதவு வண்டி) 91 வரை இதே உடம்போடுதான் வந்தது.

வண்டிக்காரன்: சாதாரண பிக்கப்புக்கு 88இல் புது உடம்பு வந்தாயிற்று. அதைத்தான் சொன்னேன். போன மாதமும் என் பதிவில் இப்படித்தான் குறை பிடித்தீர்கள். இடது வாய் இல்லையென்றால் அந்த டேங்கையே கழற்றிவிடுங்கள். அடிச்சட்டத்துக்கு வெளியே தொங்குகிற டேங்க் எப்படியும் ஆபத்து, மோதினால் தீப்பிடிக்கும்.

சேஸிஸ்மணி: அந்தக் கதையை விடுங்கள். 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சி என்பிசி, இந்த வண்டி மோதித் தீப்பிடிப்பதாகக் காட்டியபோது தீமூட்டி வைத்துத்தான் படம் எடுத்தது. 93இல் மன்னிப்பும் கேட்டது.

வண்டிக்காரன்: தீமூட்டி வைத்ததற்குத்தான் மன்னிப்பு. டேங்க் உள்ளே போய்விட்டதா?

பழையஇரும்பு: என்பிசியை இழுத்து வாயை மறைக்காதீர்கள். அரை நாள் என்று நம்பிப் பெட்டியைத் தூக்கப் போகிறவர் டேங்க் குழாயையும் அதன் எர்த் ஒயரையும் முதலில் கழற்றினாரா? அதை உங்கள் பதிவில் ஒரு வரிகூட எழுதவில்லை. குழாயோடு தூக்கினால் ரப்பர் கிழியும், பெட்ரோல் தரையில் நிற்கும். வைக்கும்போதும் எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, கேபினுக்கும் பெட்டிக்கும் இடைவெளி இருபுறமும் ஒரே அளவு வந்த பிறகே முடுக்க வேண்டும். கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை: இடது வாய் எங்கே?

வண்டிக்காரன்: மூன்று தடவை சொல்லிவிட்டேன். அறுத்து வையுங்கள்.

பழையஇரும்பு: அப்படியானால் "அப்படியே" என்ற சொல்லை உங்கள் பதிவிலிருந்து எடுங்கள்.

வண்டிக்காரன்: எடுக்க மாட்டேன்.