மறுசுழற்சி செய்தால் நாட்டின் உமிழ்வு பாதியாகுமா? கணக்குத் தெரிந்தவர்கள் வரவும்

கணக்குப்பிள்ளை:
உணவு வீணாவது பற்றிய திரியில் நீலவானம் போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்: "ஒரு நாடு தன் குப்பையை ஒழுங்காக மறுசுழற்சி செய்தாலே போதும், கரிம உமிழ்வு பாதியாகிவிடும்." அதற்கு லைக் வேறு குவிகிறது. அங்கேயே பதில் போட்டால் திரியைத் திசைதிருப்புகிறேன் என்பார்கள். ஆகவே தனித் திரி.

உலக வங்கி 2018-இல் வெளியிட்ட கணக்கு: 2016-இல் உலகின் நகரக் குப்பை 201 கோடி டன். அதைக் கையாண்ட வகையில் உண்டான உமிழ்வு, கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகக் கணக்கிட்டால், 160 கோடி டன். உலக மொத்தத்தில் சுமார் 5 சதவீதம். ஐந்து. குப்பையையே ஒழித்துக்கட்டினாலும் போவது இந்த 5 தான். மிச்சம் 45-ஐ நீலவானம் எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பார்?

நீலவானம்:
வந்துட்டாரய்யா. பலன் அவ்வளவு பெரியது என்ற அர்த்தத்தில்தான் "பாதி" என்று எழுதினேன். குறை கண்டுபிடிக்கவே படிக்கிறவருக்கு அது எங்கே புரியப்போகிறது? சரி, ஒரு கேள்வி. உணவு வீணாவதும் விரயமாவதும் மட்டுமே உலக உமிழ்வில் 8 முதல் 10 சதவீதம் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். உங்கள் 5-க்குள் அந்த 10 எப்படி அடங்கும்?

கணக்குப்பிள்ளை:
அடங்காது. அந்த 8-10-இல் பயிர் செய்தது, உரம் போட்டது, குளிரூட்டியது, லாரியில் ஏற்றியது எல்லாம் சேர்ந்திருக்கிறது. அழுகிய காயை மறுசுழற்சி செய்து மறுபடி காயாக்கிவிடுவீர்களா? உரமாக்கலாம், சாண எரிவாயு மாதிரி வாயு எடுக்கலாம். அவ்வளவுதான். விளைவிக்கச் செலவான டீசல் திரும்பி வராது. 5 சதவீதம் 5 சதவீதம்தான்.

மறுபிறவி:
கணக்குப்பிள்ளை ஐயா, அந்த 5 குப்பையைக் கொட்டுவதிலும் எரிப்பதிலும் வருகிற உமிழ்வு. மறுசுழற்சியின் பலனில் பெரும்பங்கு அந்தத் தலைப்பில் விழாது. நாடுகள் ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) வழிகாட்டலின்படி உமிழ்வை எரிசக்தி, தொழில்துறை, விவசாயம்-நிலம், கழிவு என்று பிரித்து எழுதுகின்றன. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். மிச்சமாகும் 95 எரிசக்தி, தொழில்துறைப் பக்கங்களில் குறையும். கழிவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "5 தான்" என்று கத்துவது எந்த ஊர் கணக்கு?

தென்றல்_காற்று:
ஆக 5 சதவீதம் என்பது அலுமினியத்துக்கா? அப்படியென்றால் கணக்குப்பிள்ளை சொன்னது தப்புதானே?

கணக்குப்பிள்ளை:
தென்றல், அது வேறு 5, இது வேறு 5. இதற்குத்தான் சொல்கிறேன், கணக்குத் தெரிந்தவர்கள் வரவும் என்று.

மறுசுழற்சிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது வரியில் அலுமினியம் வந்துவிடும். அதே உலக வங்கி அறிக்கையில் குப்பையில் என்னென்ன இருக்கிறது என்றும் போட்டிருக்கிறது. உணவும் தாவரக் கழிவும் 44 சதவீதம். காகிதம் அட்டை 17, பிளாஸ்டிக் 12, கண்ணாடி 5. உலோகம் எல்லாம் சேர்த்தே 4. அதிலும் அலுமினியம் ஒரு துண்டு. அதை வைத்து நாட்டின் உமிழ்வைப் பாதியாக்கப் போகிறார்களாம்.

இரும்புக்கடை:
தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பழைய இரும்பு வீட்டுக் குப்பைத் தொட்டியில் வராது. கார், கப்பல், இடித்த கட்டடம், தொழிற்சாலைத் துண்டு, இவைதான் எங்கள் சரக்கு. உங்கள் 201 கோடி டன்னில் இது எதுவும் இல்லை. ஊது உலையில் நிலக்கரி போட்டு ஒரு டன் உருக்கு எடுத்தால் 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின்சாரத்தில் ஓடும் மின்வில் உலையில் உருக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உருக்குத் தொழில் உலக உமிழ்வில் ஏறக்குறைய 7 சதவீதம். இப்போது சொல்லுங்கள், 5 பெரிதா 7 பெரிதா?

கணக்குப்பிள்ளை:
இரும்பை ஏற்கெனவே உலகம் முழுக்கப் பொறுக்கி உருக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காசு வருகிற சரக்கு, யாரும் தூக்கி எறிவதில்லை. புதிதாக எவ்வளவு கிடைக்கும்? அதைச் சொல்லாமல் 7-ஐ அப்படியே வரவில் வைக்கிறீர்கள்.

இரும்புக்கடை:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. 5 பெரிதா 7 பெரிதா?

புதியவன்:
வணக்கம், இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். "நாட்டின் உமிழ்வு" என்றால் அந்த நாட்டு எல்லைக்குள் வெளியாவதா, அல்லது அந்த மக்கள் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்காக எங்கோ வெளியாவதா? அதை முதலில் முடிவு செய்தால் நல்லது என்று தோன்றுகிறது.

தராசு:
எல்லோரும் மீத்தேனை மறந்துவிட்டீர்கள். குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது வருவது மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். ஆகவே 20 ஆண்டுக் கணக்கு போட்டால் அந்த 5 சதவீதம் 15-ஐத் தொடும்.

கணக்குப்பிள்ளை:
தொடாது. மீத்தேனுக்கு மடங்கைக் கூட்டினால் மாட்டின் ஏப்பம், நெல் வயல், எரிவாயுக் குழாய்க் கசிவு எல்லாவற்றுக்கும் கூடும். பின்னத்தில் மேலே உள்ள குப்பை எண்ணை மட்டும் மூன்றால் பெருக்கிவிட்டுக் கீழே உள்ள உலக மொத்தத்தை அப்படியே விடுவது பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கும் வேலை. மின்சாரக் கார் திரியிலும் தராசு இதையேதான் செய்தார். பேட்டரிக் கணக்கில் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினார்.

தராசு:
அந்தத் திரியில் உங்களுக்கு நான் கொடுத்த பதிலை நெறியாளர் நீக்கினார், நீங்கள் புகார் கொடுத்ததால். ஊருக்கே தெரியும். கீழே உள்ளது கூடும், சரி. ஆனால் மூன்று மடங்கா கூடும்? கழிவுத் துறையின் பங்கு ஏறத்தான் செய்யும்.

நீலவானம்:
ஜெர்மனியைப் பார்க்கச் சொல்லுங்கள். 2005 ஜூன் முதல் பக்குவப்படுத்தாத குப்பையை நிலத்தில் கொட்டத் தடை. 1990-உடன் ஒப்பிட்டால் கழிவுத் துறை உமிழ்வு முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. நான் சொன்னது பாதி. நடந்தது முக்கால்!

கணக்குப்பிள்ளை:
நீலவானம் சொன்னது நாட்டின் உமிழ்வில் பாதி. இப்போது காட்டுவது கழிவுத் துறையின் உமிழ்வில் முக்கால். எவ்வளவு அழகாக ஆளை மாற்றிவிட்டார் பாருங்கள்!

ஜெர்மனியின் மொத்த உமிழ்வு 1990-இல் சுமார் 125 கோடி டன், 2019-இல் சுமார் 80 கோடி. குறைந்தது 45 கோடி. அதில் கழிவுத் துறையின் பங்கு 3 கோடி டன் சுற்றுவட்டாரம். மீதி எல்லாம் கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆலைகள் மூடியது, பழுப்பு நிலக்கரி குறைந்தது, காற்றாலை வந்தது.

இன்னொன்று. அங்கே கொட்டாத குப்பை எங்கே போனது? கணிசமான பங்கு எரிஉலைக்கு. ஒரு டன் பிளாஸ்டிக்கை எரித்தால் இரண்டரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. அதிலிருந்து மின்சாரமோ வெப்பமோ எடுத்தால் அந்த உமிழ்வை எரிசக்தித் தலைப்பில் எழுத வேண்டும் என்பது ஐபிசிசி விதி. கழிவுத் துறை பளிச்சென்று இருக்கும், கரி எரிசக்தித் துறை முகத்தில். டென்மார்க் 2020-இல் தன் எரிஉலைத் திறனை 30 சதவீதம் குறைக்க முடிவெடுத்தது சும்மாவா? ஸ்வீடன் வெளிநாட்டுக் குப்பையை இறக்குமதி செய்து எரிக்கிறது. அதையும் "மறுசுழற்சி" என்று இங்கே ஒருவர் போன வருடம் கொண்டாடினார், பெயர் சொல்ல மாட்டேன்.

மறுபிறவி:
பெயரைச் சொல்லுங்கள் ஐயா, பயமா? அது நான்தான். அவர்கள் குளிர்காலத்தில் அந்த வெப்பத்தை வீடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதினேன். "மறுசுழற்சி" என்று எழுதவில்லை.

அப்புறம், குப்பையை என்ன செய்கிறோமோ அதன் விளைவு எரிசக்திக் கணக்கில் விழும் என்று இப்போது நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். அலுமினியத்துக்கு நான் அதையே சொன்னபோது மட்டும் கசந்ததா? பிளாஸ்டிக்கையும் பாருங்கள். 2019-இல் பிளாஸ்டிக்கின் முழு ஆயுள் உமிழ்வு 180 கோடி டன் என்கிறது ஓஈசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு). உலக மொத்தத்தில் 3.4 சதவீதம். அதில் 90 சதவீதம் தயாரிக்கும்போதே போய்விடுகிறது. குப்பையில் வருவது வால்தான்.

கணக்குப்பிள்ளை:
அதே ஓஈசிடி இன்னொன்றும் சொல்கிறது. பிளாஸ்டிக் கழிவில் உண்மையில் மறுசுழற்சி ஆவது 9 சதவீதம். ஆக, பிளாஸ்டிக்கையே குறைவாகத் தயாரிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், நானும் கைதட்டுகிறேன். மறுசுழற்சியைத் தலையில் தூக்கிவைத்து ஆடாதீர்கள்.

காகிதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரக்கூழ் ஆலைகள் பெரும்பாலும் மரத்தின் கழிவையே எரித்துத் தம் தேவையைப் பார்த்துக்கொள்ளும். பழைய காகித ஆலைக்கு அந்த வசதி இல்லை, வெளி மின்சாரமும் எரிபொருளும் வாங்க வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால், காகிதத்தை அதிகம் சுழற்றச் சுழற்ற உமிழ்வு ஏறவும் கூடும்.

தராசு:
பழைய காகிதத்தைக் குப்பைமேட்டில் போட்டால் வரும் மீத்தேனை இதில் கழித்தீர்களா? கழிக்கவில்லை. கூட்டல் மட்டும் தெரிந்த கணக்குப்பிள்ளை.

இரும்புக்கடை:
புதியவன் தம்பி கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் நானே கேட்கிறேன். பழைய இரும்பை உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்வது துருக்கி. பொறுக்கிச் சேர்த்து அனுப்புகிற நாட்டின் மறுசுழற்சி விகிதம் ஏறுகிறது. ஊது உலை தேவைப்படாமல் போவது துருக்கியில். உமிழ்வு குறைந்த பெருமை யாருக்கு? அனுப்பியவனுக்கா, உருக்கியவனுக்கா?

நெறியாளர்:
மின்சாரக் கார் திரி சண்டையை இங்கே தொடர வேண்டாம். ஆளைப் பற்றி எழுதாமல் கருத்தைப் பற்றி எழுதவும்.

தராசு:
இந்த அறிவுரை ஒரு பக்கத்துக்கு மட்டுமா? "பூஜ்யம் வாங்கும் வேலை" என்றவருக்கு எச்சரிக்கை கிடையாதா?

கணக்குப்பிள்ளை:
துருக்கிக்கு அப்புறம் வருகிறேன். நீலவானம் இன்னும் "பாதி" என்ற வார்த்தையை அந்தத் திரியில் திருத்தவில்லை. இதற்கிடையில் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். உலையில் 10 சதவீதம் உடைகண்ணாடி சேர்த்தால் ஆற்றல் சுமார் 3 சதவீதம்தான் குறையும்.

மறுபிறவி:
சுண்ணாம்புக்கல்லும் சோடா உப்பும் உருகும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு உடைகண்ணாடியில் கிடையாது. ஆற்றலை மட்டும் எழுதி அதை விட்டுவிட்டீர்கள், வழக்கம் போல.

நீலவானம்:
திருத்த மாட்டேன்.

இரும்புக்கடை:
துருக்கி?