பென்டிரைவில் இருக்கும் எம்பி4 வீடியோ டிவிடி பிளேயரில் ஓடவில்லை, சில ஏவிஐ-க்குச் சத்தம் இல்லை. என்ன செய்யலாம்?

கேள்வி:

வணக்கம் நண்பர்களே. அப்பா அம்மாவுக்காக விலை குறைந்த டிவிடி பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டியின் மேல் டிவிடி, விசிடி, எம்பி3, ஜேபெக், டிவ்எக்ஸ், எம்பெக்-4 எல்லாம் ஓடும் என்று வரிசையாகப் போட்டிருந்தது, முன்பக்கம் யூஎஸ்பியும் இருக்கிறது. கடையில் வாங்கிய டிவிடிக்கள் பிரச்சினை இல்லாமல் ஓடுகின்றன. ஆனால் போனில் எடுத்த குடும்ப வீடியோக்களை பென்டிரைவில் போட்டுச் செருகினால் கோப்பின் பெயர் திரையில் வருகிறது, அமுக்கினால் "அன்சப்போர்ட்டட்" என்று ஒரு வரி காட்டிவிட்டு அடுத்த கோப்புக்குத் தாவிவிடுகிறது. பழைய ஏவிஐ கோப்புகளில் சில நன்றாக ஓடுகின்றன, சிலவற்றில் படம் மட்டும் வருகிறது, சத்தம் இல்லை. 64 ஜிபி பென்டிரைவைச் செருகினால் எதுவுமே தெரிவதில்லை. போதாததற்கு உறவினர் ஒருவர் தன் டிவிடி ரெக்கார்டரில் பதிந்து கொடுத்த டிஸ்க்கை இது "நோ டிஸ்க்" என்கிறது, அவர் வீட்டில் அதே டிஸ்க் ஓடுகிறது. பிளேயரை மாற்ற வேண்டுமா, இல்லை இதிலேயே வழி இருக்கிறதா? அவர்கள் இருவருக்கும் போன் திரையில் பார்ப்பது கஷ்டம், டிவியில் பார்த்தால்தான் பார்த்த மாதிரி இருக்கும். அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

பதில் 1:

மாற்ற அவசரப்பட வேண்டாம். ஓடாத கோப்பு ஒன்றையும் சத்தம் வராத கோப்பு ஒன்றையும் கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திறந்து, கண்ட்ரோலோடு ஜே அழுத்துங்கள். கோடெக் விவரம் (படமும் சத்தமும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பது) வரும், அதை அப்படியே இங்கே போடுங்கள். அது தெரியாமல் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

கேட்டவர்:

போன் வீடியோ: எச்.264, 1920×1080, ஆடியோ ஏஏசி. சத்தம் வராத ஏவிஐ: வீடியோ எக்ஸ்விட், ஆடியோ டிடிஎஸ். நன்றாக ஓடுகிற ஏவிஐ: அதுவும் எக்ஸ்விட்தான், ஆடியோ எம்பி3.

பதில் 2:

எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டியில் எம்பெக்-4 என்று போட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். எம்பெக்-4 தரத்தில் பல பகுதிகள் உண்டு. இந்த மாதிரி பிளேயர்கள் ஓட்டுவது அதன் 2-ஆம் பகுதியை, டிவ்எக்ஸும் எக்ஸ்விட்டும் அதைச் சேர்ந்தவை. உங்கள் போன் பதிவது 10-ஆம் பகுதி, அதாவது 2003-ல் வந்த எச்.264. இரண்டுக்கும் பெயரில்தான் உறவு. எம்பி4 என்பதும் வெறும் டப்பா, உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் கோப்பின் பெயரை .எம்பி4-லிருந்து .ஏவிஐ என்று மாற்றிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

ஃபர்ம்வேர் (பிளேயருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் தேடியும் அலைய வேண்டாம். இந்த விலையில் வரும் பிளேயர்களில் பெரும்பாலும் மீடியாடெக் எம்டி1389 மாதிரியான ஒரே சிப்தான் டிஸ்க் படிப்பதிலிருந்து படம் காட்டுவதுவரை எல்லா வேலையும் செய்கிறது. 720×576 அளவுக்கு மேல் அதற்குச் சக்தி கிடையாது, எச்.264-ஐப் பிரிக்கும் பகுதியே அதில் இல்லை. மென்பொருள் மாற்றி வரவழைக்க முடியாது.

கோப்பைத்தான் மாற்ற வேண்டும். எவிடெமக்ஸ் என்று வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்று இலவசம், அதில் போன் வீடியோவைத் திறந்து, வீடியோவுக்கு எக்ஸ்விட், ஆடியோவுக்கு எம்பி3, வெளியீட்டுக்கு ஏவிஐ என்று வையுங்கள். ஃபில்டரில் அளவை 720×400 ஆக்குங்கள் (இரண்டுமே 16-ஆல் வகுபடும், பழைய சிப்புகளுக்கு அது வசதி). வீடியோ பிட்ரேட் நொடிக்கு 1500 கிலோபிட் போதும், ஆடியோ 128. ஒரு மணி நேர வீடியோ சுமார் 730 எம்பி வரும். எக்ஸ்விட் அமைப்புக்குள் க்யூபெல், ஜிஎம்சி (படத்தை இன்னும் இறுக்கிச் சுருக்கும் வழிகள்) என்று இரண்டு டிக் பெட்டிகள் இருந்தால், இரண்டையும் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் கம்ப்யூட்டரில் அழகாக ஓடும், பிளேயரில் படம் கட்டம் கட்டமாக உடையும் அல்லது சுத்தமாக ஓடாது. நல்ல எக்ஸ்விட் கோப்பு என்று நம்பி வைத்திருப்பது ஓடாமல் போவதற்கு இந்த இரண்டும்தான் அடிக்கடி காரணம், ஆனால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை.

சத்தம் வராத ஏவிஐ-க்கு இவ்வளவு வேலை இல்லை. பிளேயரில் டிடிஎஸ் என்ற ஆடியோ முறையைப் பிரிக்கும் டிகோடர் இல்லை, அவ்வளவுதான். வீடியோவை "காப்பி" என்றே விட்டுவிட்டு ஆடியோவை மட்டும் எம்பி3 ஆக்குங்கள், சில நிமிடங்களில் முடியும், படத்தின் தரம் துளியும் குறையாது.

முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, பிளேயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தில் இறங்குங்கள்.

பதில் 3:

64 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபாட்டில் வரும், இந்த மாதிரி பிளேயர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தது ஃபாட்32 மட்டும் (இரண்டும் பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள்). விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் திரை 32 ஜிபிக்கு மேல் ஃபாட்32 காட்டாது, அதனால் 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் வைத்துக்கொள்வதே நிம்மதி. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், காப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். கோப்புப் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள், திரையில் கட்டமாகத்தான் தெரியும், சில பிளேயர்களில் திறக்கவும் திறக்காது.

அப்புறம் அந்த "நோ டிஸ்க்". அது ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க்காக இருக்கும். பதிந்த ரெக்கார்டர் மட்டும் அதைப் படிக்கும், மற்றவற்றுக்கு அது முடிக்காத டிஸ்க். உறவினரிடமே கொடுத்து ரெக்கார்டர் மெனுவில் ஃபைனலைஸ் கொடுக்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. டிவிடி-ஆர்டபிள்யூ டிஸ்க்கில் விஆர் மோடில் (ரெக்கார்டரிலேயே திருத்துவதற்கான தனி முறை) பதிந்திருந்தால் மட்டும் அதற்குப் பிறகும் ஓடாமல் போகலாம், இனிமேல் வீடியோ மோடில் பதியச் சொல்லுங்கள்.

இன்னொருவர்:

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிளேயரும் இதே ரகம்தான். எல்லா டிஸ்க்கும் கருப்பு வெள்ளையாக வருகிறது, சத்தம் சரியாக இருக்கிறது. பிளேயர் போய்விட்டதா?

பதில் 3:

டிவியின் பின்பக்கம் மஞ்சள் பின்னை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள் (கம்போனென்ட்) வரிசையாக இருக்கும், அதில் பச்சையில் செருகியிருந்தால் கருப்பு வெள்ளைதான் வரும். மஞ்சள் பின் மஞ்சள் துளைக்கு. சில டிவிகளில் ஒரே துளை இரண்டுக்கும் பொது, அப்போது டிவி மெனுவில் கம்போனென்ட் என்பதை ஏவி என்று மாற்ற வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் பிளேயர் அமைப்பில் பால், என்டிஎஸ்சி என்ற கலர் முறைகள் இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

இன்னொருவர்:

பச்சையில்தான் இருந்தது. மாற்றியதும் கலர் வந்துவிட்டது. மிக்க நன்றி.

பதில் 4:

ஏவிஐ வழியை நான் மறுக்கவில்லை, ஆனால் பெரியவர்களுக்காக என்றால் டிவிடி வீடியோவாகவே எழுதிக் கொடுங்கள் என்பேன். பென்டிரைவ் பட்டியலில் மேலே கீழே நகர்த்திக் கோப்பைத் தேடுவது அவர்களுக்குச் சிரமம், டிஸ்க் என்றால் போட்டதும் ஓடும். டிவிடிஸ்டைலர் என்று ஓர் இலவச மென்பொருள், போன் வீடியோக்களை இழுத்துப் போட்டால் அதுவே எம்பெக்-2 ஆக மாற்றி மெனுவும் போட்டுத் தரும். 4.7 ஜிபி டிஸ்க்கில் 2 மணி நேரம்வரை நல்ல தரத்தில் அடங்கும். கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதிவிடாதீர்கள், பென்டிரைவில் இருந்த அதே பிரச்சினைதான் வரும். நாளைக்கு இந்த பிளேயர் போய் வேறு ஒன்று வந்தாலும் டிவிடி வீடியோ அதிலும் ஓடும், எக்ஸ்விட்டுக்கு அந்த உறுதி கிடையாது.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. க்யூபெல் டிக்கை எடுத்துவிட்டு எக்ஸ்விட்டாக மாற்றியது முதல் தடவையே ஓடியது. டிடிஎஸ் கோப்புகளும் பேசுகின்றன. நீளமான கல்யாண வீடியோக்களை மட்டும் டிஸ்க்கில் எழுதப் போகிறேன், சின்னச் சின்னத் துண்டுகள் பென்டிரைவிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு குறை: நீளமான போன் வீடியோவில் போகப் போக வாய் ஒன்று பேசுகிறது, சத்தம் பின்னால் வருகிறது. தொடக்கத்தில் சரியாக இருக்கிறது.

பதில் 2:

போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராகப் பதிவதில்லை, வெளிச்சம் குறைந்தால் ஃபிரேமும் குறையும். ஏவிஐ-க்கு அந்த ஏற்ற இறக்கம் ஒத்துவராது. எவிடெமக்ஸ் ஃபில்டரில் ரீசாம்பிள் எஃப்பிஎஸ் என்ற இடத்தில் (நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை) 25 என்று நிலையாக வைத்து மறுபடி மாற்றுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை இருந்தால் அவற்றை 720-க்கு இழுக்காதீர்கள், முகமெல்லாம் பூசணிக்காயாகிவிடும். 224×400 ஆக்கி இரண்டு பக்கமும் கறுப்பு ஓரம் சேருங்கள்.