டெக்குக்குக் கீழே ஒரு தாய்

குழு: எங்கள் வீடு (ஸ்காபரோ – யாழ்ப்பாணம்)

ஜூன், வெள்ளி இரவு

சித்தி, 9.12
[படம்]
எல்லோரும் பாருங்கோ. இப்போதுதான் எடுத்தேன். மூன்று கிழமை காத்திருந்து கிடைத்த முதல் தெளிவான படம்.

துஷி, 9.13
ஐயோ சித்தி, அந்த முகம்! ரக்கூன் இவ்வளவு கிட்ட வந்ததா?

சித்தி, 9.15
கிட்ட வரவில்லை பிள்ளை. அது பின்பக்க மரமேடை, அதுதான் டெக், அதன் படியில்; நான் குசினி யன்னலுக்கு உள்ளே. நடுவில் பத்து அடி இருக்கும். குசினி லைட்டை நிறுத்திவிட்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். லைட் எரிந்தால் கண்ணாடியில் என் முகம்தான் விழும்.

கவின், 9.16
பிளாஷ் போட்டீர்களா?

சித்தி, 9.19
இல்லை. முதல் கிழமை கதவைத் திறந்து பிளாஷோடு ஒன்று எடுத்தேன். கண் இரண்டும் மஞ்சள் பல்பு மாதிரி எரிந்தன, முகமே தெரியவில்லை. அது பயந்து உள்ளே போய் இரண்டு நாள் என் கண்ணில் படவில்லை. இன்றுவரை அது எனக்கு மனவருத்தம். இப்போது பிளாஷ் இல்லாமல், இருட்டுக்கு ஏற்றபடி ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/100. முகத்தில் அந்தக் கறுப்புப் பட்டை இருப்பதால் கண்ணில் போகஸ் நிற்காது. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும்வரை பொறுக்க வேண்டும்.

அம்மம்மா, 9.22
இங்கே காலை ஏழு மணியாகப் போகிறது. படத்தைப் பார்த்தேன். எங்கட மரநாய் போல இருக்கு.

சித்தி, 9.23
மரநாய் வேறு இனம் அம்மா. இது அமெரிக்கக் கண்டத்து மிருகம். வாலைப் பாருங்கோ, கறுப்பு வளையம் வளையமாக இருக்கும்.

சித்தி, 9.27
அம்மா, இதைக் கேளுங்கோ. பறவைகளுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டிக்குள் முன்காலை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தது. கண் வேலிப் பக்கம். விரல்கள் மட்டும் சட்டியின் அடியில் தடவிக்கொண்டு போகின்றன. நீங்கள் கதைத்துக்கொண்டே அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பீர்களே, விரல் தானாகக் கல்லைக் கண்டுபிடிக்குமே, அப்படியே இருந்தது. தோல் நனைந்தால் அந்தக் கைக்கு உணர்ச்சி கூடுமாம். ரக்கூன் என்ற பெயரே வேர்ஜீனியாவின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. கையால் பிறாண்டுவது என்று அர்த்தம்.

பெரியமாமா, 9.31
படம் நல்லது. ஆனால் டெக்குக்குக் கீழே குடியிருக்க விடாதே. போன வருசம் என் கூரைக்குள் புகுந்து செய்த சேதம் தெரியும்தானே. கூண்டு வைத்துப் பிடித்து ரூஜ் காட்டில் விட்டுவிடுவோம்.

சித்தி, 9.35
அண்ணா, ஒன்ராறியோ சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடக் கூடாது. சட்டத்தை விடுங்கோ, உள்ளே குட்டிகள் இருக்கின்றன. பகலில் டெக்கில் இருந்தால் குருவிக் குஞ்சு கத்துவது போல மெல்லிய சத்தம் கேட்கும். தாயைப் பிடித்தால் அவை பாலில்லாமல் செத்துப்போகும்.

கவின், 9.37
ஒரு துண்டு கோழி வைத்தால் மேல்படிக்கே வரும் சித்தி. நல்ல குளோசப் கிடைக்கும்.

சித்தி, 9.41
வேண்டாம் கவின். காட்டு மிருகங்களுக்குச் சாப்பாடு வைப்பதை ரொறன்ரோ நகரசபை 2023இல் தடை செய்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும் வைக்க மாட்டேன். இன்று நான் வைத்தால் நாளைக்கு அது அடுத்த வீட்டுக் கதவில் போய் நிற்கும். அங்கே சின்னப் பிள்ளை இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் பயந்து தடி எடுத்தால் அந்தப் பழி என்னுடையது.

துஷி, 9.42
அப்போ என்ன சாப்பிடும்? 2016இல் சாப்பாட்டுக் கழிவு போடப் பூட்டுள்ள பச்சைத் தொட்டி கொடுத்துவிட்டார்களே.

சித்தி, 9.44
புல்தரையைக் கிளறி வண்டுப் புழுவை எடுக்கிறது. நேற்று அரை மணித்தியாலம் அதுதான் வேலை. புல் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது, பரவாயில்லை.

பெரியமாமா, 9.46
விசர்நோய்?

சித்தி, 9.50
அந்தப் பயம் நியாயமானது. 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன் விசர்நோய் திரும்ப வந்தது. மாகாண அரசு தடுப்புமருந்து வைத்த இரை போடுகிறது. அதனால்தான் கிட்டப் போவதில்லை, தொடுவதில்லை. இன்னொன்று: அதன் எச்சத்தில் உருண்டைப்புழுவின் முட்டை இருக்கும், மூளைவரை போகக் கூடியது. டெக் பக்கம் யார் வந்தாலும் வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள்.

சனி இரவு

சித்தி, 9.38
யாராவது இருக்கிறீர்களா? குட்டியை வெளியே கொண்டுவருகிறது!!

துஷி, 9.38
நான் இருக்கிறேன்

சித்தி, 9.41
[படம்]
பிடரியில் கவ்விக்கொண்டு வேலியில் ஏறுகிறது. குட்டி சுருண்டு தொங்குகிறது. பின்வீட்டு மேப்பிள் மரத்தில் பெரிய பொந்து இருக்கிறது, அங்கேதான் போகிறது.

சித்தி, 9.55
திரும்பிவிட்டது. மரத்திலிருந்து தலைகீழாக இறங்கியது. பின்பாதத்தை முழுக்கப் பின்பக்கம் திருப்பி நகத்தைப் பட்டையில் மாட்டிக்கொள்கிறது.

சித்தி, 10.02
இரண்டு

சித்தி, 10.17
மூன்று. இது கத்திக்கொண்டே போனது.

அம்மம்மா, 10.18
இன்னும் இருக்கா பிள்ளை?

சித்தி, 10.33
[படம்]
நாலு. படம் கலங்கிவிட்டது, கை நடுங்கியது.

சித்தி, 10.49
இன்னொரு தரம் வந்தது அம்மா. டெக்குக்குக் கீழே போய் வெறும் வாயோடு வெளியே வந்தது. படியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வேலியேறிப் போய்விட்டது.

அம்மம்மா, 10.51
எண்ணிப் பார்க்க வந்திருக்கும்.

பெரியமாமா, 10.55
சரி, இனி அடைக்கலாமா?

சித்தி, 10.58
உடனே வேண்டாம் அண்ணா. டெக்குக்குக் கீழே அது போய்வரும் வாசலில் பழைய பேப்பரைக் கசக்கித் தளர்வாக வைக்கிறேன். மூன்று இரவு அது அசையாமல் இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு கம்பிவலையை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கி அடிக்க வேண்டும்.

பெரியமாமா, 11.04
வலை நான் வாங்கிக்கொண்டு வருகிறேன். புதன் பின்னேரம் வரட்டா? அந்த மரம் உன் யன்னலில் இருந்து தெரியுமா?

சித்தி, 11.05
தெரியும் அண்ணா. ஒன்பது மணிவரை இருந்துவிட்டுப் போங்கோ.