ஆசிய றக்பி: முதலாம் பிரிவை வென்றும் ஏன் சம்பியன் இல்லை? இலங்கை ஏன் மேலே நிலைக்கவில்லை?

உப்புவெளி_10 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் இருக்கிற உதைபந்துக்காரன், றக்பி அரைகுறையாகத்தான் தெரியும். அக்காவின் மகன் கொழும்பில் படிக்கப் போய் றக்பிப் பைத்தியமாகத் திரும்பி வந்திருக்கிறான், சாப்பாட்டு நேரத்திலும் அதே கதைதான். 2024இல் கொழும்பில் நடந்த ஆசிய முதலாம் பிரிவை இலங்கை வென்றது என்கிறான். சரி, முதலாம் பிரிவை வென்றால் ஆசியச் சம்பியன் தானே என்று கேட்டால், இல்லை மாமா, அதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது என்கிறான். அப்படியென்றால் அதற்கு ஏன் முதலாம் பிரிவு என்று பேர்?

இன்னொன்று. 2011இலும் மேலே போனோமாம், 2014இலும் போனோமாம், இரண்டு முறையும் ஒரு வருடத்தில் இறங்கி வந்தோமாம். 2025இல் திரும்பவும் மேலே ஆடினோம். இது ஏன் இப்படி ஏறுவதும் இறங்குவதுமாகவே போகிறது? ஆட்கள் உடம்பில் சின்னவர்கள் என்ற பழைய கதையைச் சொல்லாமல், விஷயம் தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள். அடுத்த முறை கொழும்பில் நடந்தால் போய்ப் பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை.

ஏகாம்பரம்_கேட்டடி எழுதியது:

தம்பி, மருமகன் சொல்வது சரிதான். ஆசிய றக்பியில் மேல்தட்டுக்கு இலக்கம் கிடையாது. அதற்குக் கீழேயிருந்துதான் முதலாம், இரண்டாம், மூன்றாம் பிரிவு என்று எண்ணத் தொடங்குவார்கள். ஆகவே முதலாம் பிரிவு என்றால் உண்மையில் இரண்டாவது படி. மூன்றாம் பிரிவைச் சில வருடங்களில் கிழக்கு, மேற்கு என்று வலயமாகவும் உடைத்திருக்கிறார்கள், ஏனென்றால் குவாமிலிருந்து ஜோர்தானுக்கு ஒரு முழு அணியை விமானத்தில் ஏற்றி அனுப்ப யாரிடம் காசு இருக்கிறது?

கொஞ்சம் பழைய கதையும் வேண்டும். 1969இல் டோக்கியோவில் ஆசியப் போட்டி தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். 2008இல் அதை ஆசிய ஐந்து நாடுகள் போட்டி என்று மாற்றினார்கள், மேலே ஐந்து அணி, கீழே பிரிவுகள், வருடா வருடம் ஒருவர் ஏற ஒருவர் இறங்க வேண்டும். முதல் வருடத்தில் ஜப்பான், ஹொங்கொங், கொரியா, கஸகஸ்தான், அரேபிய வளைகுடா. இதில் கடைசி அணி ஒரு நாடே இல்லை, பஹ்ரெய்ன், குவைத், ஓமான், கட்டார், சவூதி, ஐக்கிய அரபு இராச்சியம் எல்லாம் சேர்ந்து ஆடிய ஒரு கூட்டணி. 2010உடன் அதைக் கலைத்துவிட்டார்கள்.

அந்த ஏற்ற இறக்கம் இலங்கைக்கு மட்டும் நடந்ததென்று நினைக்க வேண்டாம். 2010இல் கொரியாவே கடைசி இடத்துக்குப் போய் இறங்கியது, அடுத்த வருடம் முதலாம் பிரிவில் ஆடித்தான் திரும்பி வந்தார்கள். அந்த இடைவெளியில்தான் நாங்கள் மேலே நின்றோம். கஸகஸ்தான் 2010இல் ஆசியாவில் இரண்டாமிடம், உலகக் கிண்ணத்துக்கான அடுத்த கட்டத்தில் உருகுவேயோடு மொண்டிவிடியோ போய் 44-7 என்று தோற்றது. 2012இல் இறங்கியவர்கள், அதன் பிறகு அந்தப் பழைய உயரத்துக்கு வரவே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2014இல் மேலே ஜப்பான், ஹொங்கொங், கொரியா, பிலிப்பைன்ஸ், இலங்கை. நகோயாவில் ஜப்பான் எங்களை 132-10 என்று அடித்தது. அதற்கு முந்தைய வருடம் பிலிப்பைன்ஸை 121-0. இதே ஜப்பான் 2015 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவை 34-32 என்று வென்ற ஜப்பான் என்பதை மறக்கக் கூடாது. இப்படிப்பட்ட ஆட்டத்தால் வென்றவனுக்கும் பிரயோசனமில்லை, தோற்றவனுக்கும் இல்லை, ஆகவே 2015இல் போட்டியின் பெயரையும் மாற்றி மேல்தட்டை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். பிலிப்பைன்ஸும் நாங்களும் கீழே. நாங்கள் இறங்கினோம் என்பதை விட, ஏணியின் மேல் இரண்டு படியைக் கழற்றிவிட்டார்கள் என்பதுதான் பொருத்தம். 2018இலிருந்து ஜப்பானும் அதில் ஆடுவதில்லை.

சீனக்குடா_8 எழுதியது:

அண்ணே, சரித்திரம் எல்லாம் சரி, ஆனால் படியைக் கழற்றியதுதான் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். மலேசியாவும் அதே வருடங்களில் கீழேதான் கிடந்தது, 2018இல் மேலே போய், 2024 வரைக்கும் போட்டி நடந்த வருடமெல்லாம் மேலேயே ஆடியது. அவர்களும் மலைபோல ஆட்கள் இல்லை.

என் கணக்கு வேறு. எங்களிடம் பாடசாலை றக்பிக்குச் சனம் வருகிறது, கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டியும் ஆடுகிற பிராட்பி கேடயத்துக்கு (1945இலிருந்து நடக்கிறது) வருகிற கூட்டத்தில் பாதி தேசிய அணிக்கு வந்தாலே பெரிய விஷயம். கழக மட்டத்தில் கண்டி, சீ.ஆர்., ஹெவலொக், பொலிஸ், கடற்படை, விமானப்படை என்று நல்ல லீக் ஓடுகிறது. ஆனால் தேசிய அணி ஒரு வருடத்தில் எத்தனை டெஸ்ட், அதாவது நாட்டோடு நாடு மோதுகிற ஆட்டம், ஆடுகிறது என்று பாருங்கள். விரல் விட்டு எண்ணலாம், அதுவும் பெரும்பாலும் ஒரே கிழமைக்குள் முடிந்துவிடும்.

முதலாம் பிரிவு பெரும்பாலும் நடக்கிற விதம் இதுதான்: நான்கு அணி, ஒரே ஊர், ஒரு வாரம். சில வருடம் எல்லோரும் எல்லோருடனும், சில வருடம் நேராக அரையிறுதி, இறுதி. எப்படியென்றாலும் மூன்று நான்கு நாள் இடைவெளியில் அடுத்த டெஸ்ட். உதைபந்தில் இதைச் சமாளிக்கலாம், றக்பியில் ஸ்க்ரம், அதாவது இரண்டு அணியும் தோளோடு தோள் கோர்த்துப் பந்துக்காகத் தள்ளுகிற இடத்தில், முன்னால் நிற்கிற முன்வரிசைக்காரனின் கழுத்தும் தோளும் அதற்குள் ஆறாது. சர்வதேச ஆட்டத்தில் 23 பேரில் ஆறு பேர் முன்வரிசைக்கு ஆடக்கூடியவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி, ஓரத்தில் தாங்குகிற ப்ரொப் நான்கு, நடுவில் நிற்கிற ஹூக்கர் இரண்டு. பேருக்கு ஆறு பேரைக் காட்டுவது லேசு. இரண்டாவது ஆட்டத்தின் அறுபதாவது நிமிடத்தில் உள்ளே போகிற ப்ரொப் ஸ்க்ரம்மில் நிற்பானா என்பதுதான் கேள்வி. ஸ்க்ரம்முக்கு வெளியே பின்னால் நிற்கிற எங்கள் ஓட்டக்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்களில்லை, பந்து கிடைத்தால் ஓடுவார்கள். ஸ்க்ரம்மில் பின்னால் போனால் பந்து எங்கே கிடைக்கிறது?

நிர்வாகத்தைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. 2023இல் அரசாங்கத் தலையீடு என்று சொல்லி உலக றக்பி எங்கள் சங்கத்தையே இடைநிறுத்தியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வருடமே கொழும்பில் பிரிவை வென்றார்கள் என்றால் அது பெடியன்களின் கெட்டித்தனம்.

உப்புவெளி_10 எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்க்ரம் விஷயம் நன்றாக விளங்கியது. இன்னொரு சந்தேகம், மருமகனோடு சேர்ந்து பழைய ஆட்டங்களைப் பார்த்தபோது வந்தது. பிலிப்பைன்ஸ் அணியில் பாதிப் பேர் அவுஸ்திரேலியாக்காரர் மாதிரி, எமிரேட்ஸ் அணியில் தென்னாபிரிக்கர் மாதிரி. இது நியாயமா? எங்களுக்கு மட்டும் ஏன் அப்படி ஆட்கள் இல்லை?

கிண்ணியா_நானா எழுதியது:

நியாயமா இல்லையா என்பது வேறு, விதிக்குள் இருக்கிறது. ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருக்கலாம், அல்லது தாய் தகப்பனோ பாட்டன் பாட்டியோ அங்கே பிறந்திருக்கலாம், அல்லது அங்கே தொடர்ந்து வசித்திருக்கலாம். வசிப்புக் காலம் முன்பு 36 மாதம், இப்போது 60 மாதம். பிலிப்பைன்ஸ் தாய் வழியைப் பிடித்தது. 2006இல் குவாமோடு முதல் டெஸ்ட் ஆடிய நாடு, 2013இல் ஜப்பானோடு மேல்தட்டில் நின்றது, ஏழே வருடம். எமிரேட்ஸ் வசிப்பு வழியைப் பிடித்தது, டுபாயில் வேலை செய்கிற வெள்ளைக்காரனுக்கு ஐந்து வருடம் ஒரு பெரிய விஷயமா? ஹொங்கொங்கும் கிட்டத்தட்ட அதே வழிதான், ஆனால் அவர்கள் அதற்கு மேல் உள்ளூரிலும் முறையாக அமைப்பைக் கட்டினார்கள், அதன் பலன் 2025 ஜூலையில் கொரியாவை 70-22 என்று அடித்து முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குப் போய்விட்டார்கள். எமிரேட்ஸ் இரண்டாமிடம் வந்து நமீபியாவோடு ஆடித் தோற்றது.

இலங்கைக்கும் வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் தம்பி. லண்டன், மெல்பேர்ன், டொரொன்டோ எல்லாம் எங்கள் சனம்தானே. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் திருமலையிலிருந்தும் போன குடும்பத்துப் பிள்ளைக்கு இலங்கை ஜேர்சி என்றதும் முதலில் ஞாபகம் வருவது கிரிக்கெட்தான், அதிலும் எல்லோருக்கும் மனம் ஒட்டாது, ஏன் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. பிலிப்பைன்ஸ் ஆட்கள் தாயின் ஊருக்காக ஆட வந்தார்கள். அப்படி வர வைக்க முதலில் ஊரில் றக்பி என்று ஒன்று இருக்க வேண்டும்.

அதுதான் எனக்கு உள்ள பெரிய குறை. திருமலையில் கடற்படை அக்கடமி இருக்கிறது, சீனக்குடாவில் விமானப்படை அக்கடமி. இரண்டு படையும் தேசிய லீக்கில் ஆடுகிற கழகங்கள். கேட்டுக்கு உள்ளே றக்பி, கேட்டுக்கு வெளியே உதைபந்தும் கிரிக்கெட்டும். நான் படித்த காலத்தில் கிண்ணியாவில் அந்த முட்டைப் பந்தைக் கையில் தொட்டவனே இல்லை. கொழும்பு, கண்டியைத் தாண்டி ஆள் தேடாமல், இருக்கிற சில பாடசாலைகளை மட்டும் வைத்துக்கொண்டு ப்ரொப் இல்லை, அவர்களுக்குப் பின்னால் நின்று தள்ளுகிற லொக் இல்லை என்று அழுவது என்ன கதை? மூதூரிலும் கிண்ணியாவிலும் கரைவலை இழுக்கிற பெடியன்களின் தோளைப் பார்த்திருக்கிறீர்களா?

சீனக்குடா_8 எழுதியது:

நானா, தோள் மட்டும் போதாது, பத்து வயதிலேயே டெக்கிள், அதாவது எதிராளியைப் பிடித்து விழுத்துவது, பழக்க வேண்டும், தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் பதினெட்டு வயதில் இறக்கினால் கழுத்து முறியும். பயிற்றுநர், வைத்தியர், புல் மைதானம், எல்லாம் வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலில் மாசி தாண்டினால் மைதானம் கட்டாந்தரை. ஆனால் நீங்கள் சொல்கிற அடிப்படைக் கதையோடு நான் ஒத்துப் போகிறேன். டச் பே கடற்கரை மணலில் டச் றக்பியாவது, அதாவது விழுத்தாமல் கையால் தொட்டு ஆடுகிறதை, யாராவது தொடங்கலாம். அதற்கு ஒரு பந்தும் நான்கு செருப்பும் போதும்.

ஏகாம்பரம்_கேட்டடி எழுதியது:

சீனக்குடாத் தம்பி மலேசியாவைச் சொன்னதற்கு ஒரு பதில். மலேசியா மேலே தாக்குப்பிடித்தது ஜப்பான் போன பிறகுதான். ஜப்பான் இருந்த மேல்தட்டு வேறு, இல்லாத மேல்தட்டு வேறு. ஆனால் ஆட்டங்கள் போதாது என்ற உங்கள் கதையை நான் மறுக்கவில்லை, இரண்டும் சேர்ந்துதான் எங்களை இப்படி வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் மேலே ஒரு வருடம் போய் அடி வாங்குவதை விட, கஸகஸ்தான், கட்டார், இந்தியா, பிலிப்பைன்ஸ் என்று எங்கள் அளவு ஆட்களோடு வருடத்தில் எட்டுப் பத்து டெஸ்ட் ஆடினால்தான் அணி வளரும். அதற்கு யாரும் காசு போட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தியா என்றதும் ஒன்று: இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் வருடா வருடம் ஆடுகிற கல்கத்தா கிண்ணம், கல்கத்தாவில் இருந்த றக்பிக் கழகத்தைக் கலைத்தபோது மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. அந்தக் கிண்ணத்துக்கு முதல் ஆட்டம் 1879. கொழும்பில் முதல் றக்பி ஆட்டமும் அதே 1879. இவ்வளவு பழைய விளையாட்டு, இன்னும் மேல்தட்டுக்கும் இரண்டாவது படிக்கும் நடுவில் நின்று முட்டிக்கொண்டிருக்கிறோம்.

உப்புவெளித் தம்பிக்கு: கொழும்பில் நடந்தால் கட்டாயம் போங்கள். 2024இல் நடந்தது ரேஸ் கோர்ஸ் மைதானத்தில். இங்கிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடிய கோட்டையில் இறங்கலாம். ஒரு நாளுக்கு மட்டும் போவதென்றால் கடைசி நாளைப் பாருங்கள். பந்தை மட்டும் பார்க்காமல், அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு ஸ்க்ரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். புள்ளி அட்டவணை இருக்கிற வருடமென்றால் நான்கு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) வைத்தால் ஒரு போனஸ், ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் ஒரு போனஸ், அதனால் தோற்கிற அணி கடைசி நிமிடத்தில் ஏன் பெனல்டியை உதைக்கிறது என்று குழம்ப வேண்டாம்.

உப்புவெளி_10 எழுதியது:

நன்றி அண்ணே, நன்றி நானா. மருமகனிடம் வாசித்துக் காட்டினேன், 132-10 என்றதும் முகம் சுருங்கிவிட்டது, அதை அவன் எனக்குச் சொல்லவே இல்லை. டச் பே விஷயம் சும்மா பேச்சா, இல்லை யாராவது உண்மையிலேயே வருவீர்களா? பந்து அவனிடம் இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் வெயில் தாழ எனக்குச் சரி.